வளர்ப்புப் பிள்ளையின் பிறந்த நாளும் நம் வீட்டுப் பெருநாளும்



பிறந்த நாள் கொண்டாடலாமா, கூடாதா என்னும் வினா மதரஸாவில் பாடம் நடத்துவோர்க்குப் புதிதன்று. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் கேட்பார். நாமும் அறிந்ததைச் சொல்வோம். ஆனால் சென்ற ஷஃபான் மாதத்தில் ஆரணியில் ஒரு சகோதரி கேட்ட வினா வேறு வகையானது. "ஹஜ்ரத், எங்கள் மகள் பிறந்த தேதி எங்களுக்கே தெரியாது. சான்றிதழில் இருப்பது டாக்டர் உத்தேசமாகச் சொன்ன தேதி. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்த நாள் வருகிறது, எனக்கு எப்போது, நான் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்று கேட்கிறாள். அதெல்லாம் ஹராம், கேட்காதே என்று சொல்லி முடித்துவிடலாமா?"

அந்தக் குழந்தை கேக் கேட்கவில்லை. தான் எங்கிருந்து வந்தோம் என்று கேட்கிறது. அதற்கு 'ஹராம்' என்பது விடையாகாது. மார்க்கத்தின் ஒரு சொல்லை எடுத்து உண்மைக்குத் திரை போடுவதை மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பதே அடியேனின் கருத்து.

முதலில் பிறந்த நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேக் வெட்டி, மெழுகுவத்தி ஊதி, மண்டபம் பிடித்துச் செய்யும் விழாவை அடியேன் ஆதரிப்பதில்லை. அது பிற சமூகத்தாரைப் பின்பற்றுவது என்றும் வீண் விரயம் என்றும் ஆலிம்களில் பலர் கூறுகின்றனர். வணக்கமாகக் கருதாதவரை அது வெறும் உலக வழக்கமே என்போரும் உள்ளனர். திங்கட்கிழமை நோன்பு பற்றி வினவப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்றும், தமக்கு வஹீ இறங்கிய நாள் என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிறந்த நாளை நினைப்பது குற்றமன்று என்பதற்கும், நினைக்கும் முறை எது என்பதற்கும் அதுவே போதும்.

இனி வளர்ப்புப் பிள்ளையின் நிலைக்கு வருவோம். ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். சிறு வயதில் கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா (ரலி) அவர்கள் வழியாக நபியவர்களிடம் வந்து சேர்ந்தார். தேடிவந்த தந்தையோடு செல்ல உரிமை கொடுக்கப்பட்டபோதும் நபியவர்களோடு இருப்பதையே தேர்ந்தெடுத்தார். மக்கள் அவரை 'ஜைது இப்னு முஹம்மத்' என்றே அழைத்தனர். பின்னர் அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயரால் அழைக்க வேண்டும், தந்தையர் யாரெனத் தெரியாவிடில் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பது அதன் கட்டளை. ஜைது மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். அதனால் அன்பில் ஏதேனும் குறைந்ததா? படைகளுக்குத் தலைமை தாங்கினார். ஹிஜ்ரி 8இல் மூத்தா போர்க்களத்தில் கொடியேந்தி ஷஹீதானார். நபித்தோழர்களில் குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே.

இவ்வசனத்தை நம்மவர் பலர் 'இஸ்லாத்தில் தத்து இல்லை' என்ற ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டனர். அது பிள்ளையை ஏற்று வளர்ப்பதற்கு எதிரானதன்று. பிள்ளையின் பிறப்பை அழிப்பதற்கு எதிரானது. அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு அருகில் இருப்பார் என்பதை நபியவர்கள் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டி விளக்கினார்கள் அல்லவா?

நடைமுறையில் நாம் என்ன செய்கிறோம்? உண்மையை மறைக்கிறோம். குழந்தை நெஞ்சு நோகும் என்கிறோம். ஊர் பேசும் என்றும் அஞ்சுகிறோம். அந்த மறைப்பு பெரும்பாலும் நிக்காஹ் தஃப்தரின் முன்னால்தான் உடைகிறது. மணமகளின் தந்தை பெயர் என்ன, வலி யார் என்று கேட்கப்படும். வளர்த்தவர் வளர்த்த காரணத்தால் வலியாக முடியாது. இரத்த வழி வலி இல்லாத பெண்ணுக்குக் காஜியே வலி. இருபது வயதுப் பெண், திருமண உடையில், உறவினர் சூழ அமர்ந்திருக்கையில் தன் பிறப்பைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுவதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? ஐந்து வயதில் அத்தாவின் மடியில் அமர்ந்து கேட்டிருந்தால் அது அவளுக்கு ஒரு கதையாக இருந்திருக்கும்.

இவ்விடத்தில் கொரியாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கைப்பேசியில் கொரியத் தொடர்கள் பார்த்து, அந்நாட்டு உணவையும் உடையையும் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். அவர்கள் அறியாத ஒரு செய்தி அந்நாட்டுக்கு உண்டு. கொரியப் போர் 1953இல் ஓய்ந்தபின், 1955இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹோல்ட் தம்பதியர் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தனர். அதன்பின் பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ 2 லட்சம் கொரியக் குழந்தைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு உள்ளத்தை உலுக்குவது: பெற்றோர் இருந்த குழந்தைகள் அநாதைகள் எனப் பதிவு செய்யப்பட்டனர், ஒரு குழந்தையின் அடையாளம் மற்றொரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், தாம் இத்தனை ஆண்டுகள் கொண்டாடிய பிறந்த நாள் தம்முடையதுதானா என்று இன்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களை வளர்த்தோரில் பலர் நல்லவர்கள். கொரியாவின் அறுவடைத் திருநாளை வீட்டில் கொண்டாடியவர்கள் உண்டு. குழந்தையின் முதல் பிறந்த நாளில் நூல், அரிசி, பணம், தூரிகை ஆகியவற்றைப் பரப்பி ஒன்றை எடுக்கச் செய்யும் அந்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றியவர்களும் உண்டு. (நூலை எடுத்தால் நீண்ட ஆயுள் என்பார்களாம். நம் மார்க்கத்தில் சகுனத்துக்கு இடமில்லை. அது வேறு பேச்சு.) இவற்றோடு, குழந்தை தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளையும் பல குடும்பங்கள் ஆண்டுதோறும் விழாவாக்கின. வளர்ந்தபின் அப்பிள்ளைகளில் பலர் கூறியது நாம் செவிமடுக்க வேண்டியது: நீங்கள் எங்களைப் பெற்ற அந்த நாளுக்குப் பின்னால், நாங்கள் எங்கள் தாயை இழந்த நாள் இருக்கிறது.

நம் தமிழகத்திலும் இது பொருந்தும். 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தில் விடப்பட்ட குழந்தைக்குத் தொட்டிலுக்கு வந்த தேதி தெரியும். பிறந்த தேதி பல நேரம் தெரியாது. ஆகவே வீட்டுக்கு வந்த நாளை ஊரழைத்துக் கொண்டாட வேண்டாம். அன்று இரண்டு ரக்அத் தொழுங்கள். ஓர் ஏழைக்கு உணவளியுங்கள். பெற்றவள் உயிரோடு இருந்தால் அவளுக்கு நலமும் நேர்வழியும் கிடைக்கக் குழந்தையையும் உடன் வைத்து துஆ செய்யுங்கள். பெற்றவளை இழிவாகப் பேசும் பேச்சு அந்த வீட்டில் ஒருபோதும் எழக்கூடாது. அவள் எந்த நெருக்கடியில் இருந்தாள் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

உண்மையை எப்படிச் சொல்வது என்று தயங்குவோர்க்கு வழி நம் பாடத்திலேயே இருக்கிறது. மக்தபுக்கு வரும் சிறுபிள்ளைகள் மனனம் செய்யும் ஸூரத்துள் ளுஹாவில், நபியவர்கள் அநாதையாக இருந்ததையும் அவர்களுக்குத் தான் புகலிடம் அளித்ததையும் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அவர்களின் தந்தை அவர்கள் பிறக்கும் முன்னரே மறைந்தார். ஆறு வயதில் தாய் மறைந்தார். ஹலீமா, பாட்டனார், பெரிய தந்தை எனப் பல கைகள் வளர்த்தன. அல்லாஹ் தன் தூதருக்கு மறைக்காத ஒன்றை நாம் ஏன் மறைக்க வேண்டும்? அந்த அத்தியாயத்தை ஓதும் வயதிலேயே 'உனக்கும் அல்லாஹ் இப்படித்தான் ஓர் இடம் கொடுத்தான்' என்று சொல்லிவிடலாம். ஆரணியில் வளரும் பிள்ளைக்குத் தறியையும் காட்டலாம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனியே வந்து கோக்கப்படுகின்றன. இணைப்பு கண்ணுக்குத் தெரியும். அதைக் குறை என்று இங்கு எவரும் சொல்வதில்லை.

பெருநாள் விஷயத்தில் அடியேன் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். பிறந்த நாளில் பெற்றோர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், காயம் ஏற்படுவது பெரும்பாலும் நோன்புப் பெருநாள் அன்றுதான். அன்றுதான் உறவினர் கூடுகின்றனர். பேரப்பிள்ளைகளுக்கு ஐந்நூறு ரூபாய், இந்தப் பிள்ளைக்கு ஐம்பது ரூபாய் என்று பெருநாள் காசு பிரிகிறது. நம் ஊர்ப் பட்டு ஆண்களுக்கு விலக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகுமானது. ஆதலால் சிறுமியருக்குப் பட்டுப்பாவாடை எடுப்பது இங்குள்ள மகிழ்ச்சி. அதிலும் ஒருத்திக்கு அசல் பட்டு, மற்றவளுக்கு ஆர்ட் சில்க். குழந்தைக்குத் துணியின் தரம் தெரியாது என்று எண்ண வேண்டாம், அதுவும் ஆரணிக் குழந்தைக்கு! பிள்ளைகளுக்கிடையே அன்பளிப்பில் நீதமாக இருக்க வேண்டும் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு நபியவர்கள் கூறிய அறிவுரை பெற்ற பிள்ளைகளைப் பற்றியதுதான். எனினும் ஒரே கூரையின்கீழ் ஒரே தஸ்தர்கானில் உண்ணும் பிள்ளைக்கு அந்த நீதம் வேண்டாம் என்று எவரால் சொல்ல முடியும்?

இன்னொன்றும் நடக்கிறது. பெருநாளுக்கு முந்தைய இரவு ஃபித்ராப் பணத்தைக் கொண்டுவந்து, 'யத்தீம் பிள்ளை இருக்கிறதே' என்று அக்குழந்தையின் கையிலேயே திணிக்கிறார்கள். வளர்ப்பவர் வசதியானவர், குழந்தைக்குத் தேவை எதுவுமில்லை. கொடுப்பவருக்கு நன்மை செய்த திருப்தி. வாங்கிய குழந்தைக்கோ, தான் இந்த வீட்டைச் சேர்ந்தவள் அல்லள் என்ற அறிவிப்பு. அநாதையை அடக்கி ஒடுக்காதீர் என்ற கட்டளையை மீறுவதற்கு அடிக்க வேண்டியதில்லை; இது போதும். அந்த வீட்டார் தம் ஃபித்ராக் கணக்கில் இக்குழந்தைக்கும் ஒரு தலை சேர்த்து, அவள் கையாலேயே ஓர் ஏழைக்குக் கொடுக்கச் செய்யட்டும்.

சற்று வளர்ந்தபின் வரும் பிள்ளைகளும் உண்டு. ஆறேழு வயதுப் பிள்ளைக்குத் தான் முன்பு இருந்த வீட்டின் பொங்கல் நினைவில் இருக்கலாம். கரும்பும் கோலமும் அதன் வாயில் வரலாம். அந்தப் பண்டிகையை நாம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் நினைவு பாவமன்று. 'அதையெல்லாம் மறந்துவிடு' என்று அதட்டுவது பிள்ளையின் பாதி வாழ்வைப் பறிப்பதாகும், உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, நம் 'கஃபாலா' முறையைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. அதே பிரிவு குழந்தையின் இன, சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணியை மதிக்கவும் சொல்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் பொறுப்பேற்கலாம். சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் எச்சமயத்தவரும் தத்தெடுக்கலாம், விரும்பாதோர் தம் சமயச் சட்டத்தையே பின்பற்றலாம் என ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இரண்டாம் வழியில் பிறப்புச் சான்றிதழில் வளர்ப்போர் பெயரே பெற்றோராக வரும். அந்தத் தாளில் இருப்பது சட்டப் பொறுப்பு; நஸப் வேறு என்பதை வீட்டில் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். பாலூட்டல் வழியாக மஹ்ரம் உறவை ஏற்படுத்தும் வாய்ப்பு குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் உண்டு. அதைக் காலம் தவறாமல் ஓர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். வாரிசுரிமை இல்லாத இப்பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுதுவதையும் பிற்பாடு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மஹல்லா ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். திருமணப் பதிவுக்குக் குடும்பத்தார் முதன்முறை வரும்போதே, தந்தை பெயரையும் வலியையும் பற்றித் தனியறையில் அவர்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். மணநாளன்று ஒலிபெருக்கியின் முன்னால் அந்தக் கேள்வி எழ வேண்டாம்.