டச்சு மீன்தொட்டி: சிவப்புச் செடி மட்டும் போதுமா?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு வருவோர் பலர் தேடுவது சிவப்புச் செடியைத்தான். கல், கட்டையை நம்பாமல் செடிகளாலேயே தொட்டியை நிரப்புவது டச்சு பாணி. அதற்கு வேறுபாடுதான் உயிர். ஆனால், அது நிறத்தில் மட்டும் இல்லை. மெல்லிய இலை அம்பூலியாவுக்குப் பக்கத்தில் அகன்ற இலை ஹைக்ரோஃபிலா, முன்னால் குட்டை கிரிப்டோகோரைன் வைத்துப் பாருங்க, பச்சையிலேயே எத்தனை வித்தியாசம்! சிவப்புக்கு ஒரு கொத்து ரொட்டாலா போதும். அதுவும் வெளிச்சம் குறைந்தால் பச்சையாகிவிடும்.

முக்கியமான விஷயம், வெட்டிய துண்டுகளை ஏரியில் வீசாதீங்க. அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியது போதாதா? கபோம்பாவும் சிறு துண்டிலிருந்தே பரவும். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரமாக்குங்க.