தண்ணி கட்டுவது நாம். எடையைத் தின்பது யார்?

 

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து மானாவாரிக் காட்டில் நம்மைக் காப்பாற்றி வருவது செம்மறிதான். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், இருபது முப்பது மேச்சேரி ஆடு. இதுதான் நம்ம பண்ணையம்.

மழை ஏமாற்றுகிற வருசம் கொறங்காடு கருகிப் போகுது. அப்பவும் அதிலேயே ஆட்டை அடிச்சு மேய்ச்சா, புல்லு தூரோட போயிரும். மறு மழைக்கு முளைக்காது. அதனால்தான் கிணத்தடியில் அரை ஏக்கரை ஒதுக்கினோம். 2008-இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 கரணையை நட்டோம். பக்கத்திலேயே வேலிமசால் விதைத்தோம். பத்து நாளைக்கு ஒரு தண்ணி கட்டுகிறோம். கோ-4 எழுபத்தைந்து எண்பது நாளில் முதல் அறுப்பு, அப்புறம் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு அறுப்பு. அறுத்து, நறுக்கி, மசாலையும் கலந்து போட்டால் குட்டி மளமளன்னு தேறுது. கொறங்காட்டுக்கும் ஓய்வு கிடைக்குது.

சரி, இப்படித் தேற்றின எடை யார் கைக்குப் போகுது?

சந்தையில் என்ன நடக்குதுன்னு எல்லோருக்கும் தெரியும். தரகர் வருவார். முதுகை அமுக்கிப் பார்ப்பார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பார். "பதினாறு கிலோ தேறும்" என்பார். அதுதான் எடை, அதுதான் தீர்ப்பு! போன மாசம் நம்ம ஊரில் அப்படிப் பதினாறு என்று சொன்ன கிடாக்குட்டியைத் தொங்கு தராசில் மாட்டினோம். பத்தொன்பதரைக் கிலோ! உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் ஒரே குட்டியில் 1,400 ரூபாய் நட்டம். வருசம் இருபது குட்டி விற்கிறவருக்கு 28,000 ரூபாய். நாம் கட்டின தண்ணி, அறுத்த புல், நம் வீட்டுப் பெண்கள் சுமந்த கட்டு, எல்லாம் அந்தத் துண்டுக்குள்ளே மறைஞ்சு போகுது.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரைக்குத் தராசு உண்டு. 1999-இல் தொடங்கின உழவர் சந்தையில் கத்திரிக்காய்க்குத் தராசு உண்டு. நம்ம ஆட்டை அறுத்து விற்கிற கறிக்கடையிலும் தராசு உண்டு. உயிரோடு நிற்கிற ஆட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கத் தெரிந்த சந்தை நிர்வாகத்துக்கு ஒரு எடைமேடை வைக்கத் தெரியாதா?

வியாபாரிகள் சொல்லும் சமாதானம் இரண்டு. "ஆடு பூராவும் கறியா? குடல், தோல், தலை கழியாதா?" கழியும். உயிர் எடையில் பாதிக்குப் பக்கமாகத்தான் கறி விழும், ஒத்துக்கொள்கிறோம். அதுக்குத் தக்கபடி கிலோ விலையைப் பேசுங்கள். எடையை எதற்கு மறைக்கிறீர்கள்? "வயிறு முட்டத் தண்ணி காட்டிக் கொண்டுவருவீர்களே?" அப்படிச் செய்கிற ஆளும் நம்மில் உண்டு, மறைக்கவில்லை. விடியக்காலையில், தீவனமும் தண்ணியும் காட்டும் முன்னே எடை போடுவோம். நேர்மை இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

நம் தப்பையும் பேசியாக வேண்டும். பள்ளிக்கூடப் பணம் கட்டணும், கல்யாணச் செலவு என்று தரகரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் சொன்ன விலைக்குக் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கிறோம். பக்கத்துக் காட்டுக்காரர் என்ன விலைக்கு விற்றார் என்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிறோம். துண்டு அவருடையது, ஆனால் உள்ளே கை விடுவது நாமும்தானே?

தராசு இல்லாத வீட்டில் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு வரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுங்கள். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் சுமார் இருபத்து நாலரைக் கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் தரகர் கண்ணை விட டேப் நியாயமானது.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஆட்டுச் சந்தையிலும் முத்திரையிட்ட எடைமேடையைச் சுங்கம் வாங்கும் நிர்வாகமே வைக்க வேண்டும்.

2. எடை போட்ட ஆட்டுக்கு எடைச் சீட்டு தர வேண்டும்.

3. அன்றைய உயிர் எடை விலையைக் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும்.

1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்த வழியில் நடந்த போராட்டங்களால்தான் இன்று நம் மோட்டார் கட்டணமில்லாமல் ஓடுது, புல்லுக்குத் தண்ணி பாயுது. உயிரைக் கொடுத்து வாங்கின தண்ணியில் விளைந்த எடையைத் துண்டுக்குள் தொலைப்பதா?

வருகிற சந்தை நாளில் நம் சங்கத் தராசோடு சந்தை வாசலில் நிற்போம். ஆட்டோடு வாருங்கள். எடை போடாமல் ஒரு குட்டியும் கை மாறக் கூடாது!

துண்டு வியாபாரம் ஒழிக! தராசு வியாபாரம் வருக!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்