சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் பொரிந்து தள்ளினார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஓசியில கொடுத்தாலும் குறைதான் சார். கேம் வர்றதுக்கு முன்னாடியே அதை வெட்டிட்டான், இதைக் குறைச்சிட்டான்னு என் பேரன் ஒரே புலம்பல்." நான் பதில் சொல்லவில்லை. 2021-ல் நானும் இதையேதான் சொன்னேன். அது தப்பு என்று இப்போது எழுதுகிறேன்.

2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தது. இரண்டே நாளில் நடிகர் அக்‌ஷய் குமார் 'ஃபௌஜி' என்ற கேமை அறிவித்தார். பெங்களூரு என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. நிகர வருமானத்தில் 20 சதவீதம் வீரர்கள் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' நிதிக்கு என்றார்கள். நவம்பர் கடைசியில் முன்பதிவு திறந்ததும் ஒரே நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அதில் என் பேரனும் ஒருவன்.

2021 குடியரசு தினத்தன்று கேம் வந்தது. ஆடக் கிடைத்தது ஒரே ஒரு பகுதி: கல்வான் பள்ளத்தாக்கில் தனி ஆளாக அடிதடி. நண்பர்கள் அணி சேர்ந்து ஆடும் பகுதியும், பப்ஜி மாதிரி கடைசி ஆள் மிஞ்சும் வரை ஆடும் பகுதியும் 'விரைவில்' என்ற பலகையோடு பூட்டிக் கிடந்தன. பையன்கள் கொதித்துப்போய் மதிப்பெண்ணை ஐந்து நட்சத்திரத்தில் மூன்று அளவுக்கு இறக்கினார்கள். என் பேரன் போட்டது ஒன்று. "வீரர்களுக்குப் போற பணம்டா, ஓசியில ஆடிட்டு குறை சொல்றியா?" என்று அதட்டி ஐந்தாக மாற்ற வைத்தேன்.

முப்பது வருஷம் டேனரியில் தோலைத் தரம் பிரித்தவன் நான். ஒரு சமயம் வெளிநாட்டு ஆர்டருக்கு முதல் தரத் தோலை சாம்பிள் அனுப்பினோம். சரக்கு கட்டும்போது அந்தத் தரம் போதவில்லை. உண்ணிக்கடியும் கீறலும் உள்ள தோலை நடுநடுவே வைத்துக் கட்டச் சொன்னார்கள். முதல் தரம் என்று முத்திரை குத்தியது இந்தக் கைதான். சரக்கு திரும்பி வந்தபோது ஆபீசில் எல்லோரும் சொன்னது என்ன தெரியுமா? "வெள்ளைக்காரனுக்கு நம்ம நாட்டுச் சரக்குன்னாலே இளக்காரம்." உண்ணிக்கடிக்கும் தேசத்துக்கும் என்ன சம்பந்தம்? அன்று எனக்குப் புரிந்த இது, பேரன் விஷயத்தில் மறந்துவிட்டது.

ஓசி என்கிறார்கள். டவுன்லோடுதான் ஓசி. உள்ளே காசு வாங்கக் கடை இருக்கிறது. பத்து லட்சம் பேர் பெயர் கொடுத்ததே கம்பெனிக்கு மூலதனம்.

'முதலில் கல்வான்தான் என்று முன்பே சொன்னார்களே' என்பது அடுத்த வாதம். சொன்னார்கள், உண்மை. ஆனால் பப்ஜி போன இரண்டாம் நாள், பெரிய நடிகரை வைத்து அறிவித்தால் பதினாறு வயதுப் பையன் என்ன எதிர்பார்ப்பான் என்று அவர்களுக்குத் தெரியாதா? சாம்பிளைக் காட்டும்போது உரத்த குரல், குறையைச் சொல்லும்போது மெல்லிய குரல் என்றால் அது நேர்மையான வியாபாரம் இல்லை.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோலில் உதவாத ஓரங்களை வெட்டித்தான் ஆகவேண்டும். அதை வாங்குபவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதே 2021 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பு வந்தது. ரத்தம் பச்சை நிறம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று வருவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். பேரன் பச்சை ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தான். ஏமாந்தேன் என்று சொல்லவில்லை.

ஆகவே நண்பரே, உங்கள் பேரன் புலம்பினால் அதட்டாதீர்கள். என்ன காட்டினான், என்ன கொடுத்தான் என்று உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு அவன் வீடு வாங்கும்போதும் வேலையில் சேரும்போதும் இந்தக் கேள்வி அவனுக்குத் தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு போன் போட்டு, அந்த ஐந்து நட்சத்திரத்துக்காக வருத்தம் தெரிவித்தேன். "அன்னைக்கு ராத்திரியே மறுபடி ஒண்ணாக்கிட்டேன் தாத்தா" என்றான்.

நல்ல காரியம் செய்தான்.