வீரத்தைப் பாடமாக நடத்துவது எப்படி? பத்தாம் வகுப்பு ஆங்கிலம் பற்றி எங்கள் நிலைப்பாடு

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர் வட்டாரத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களும், அந்த வகுப்புகளில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோரும் சேர்ந்த குழு எங்களுடையது. “கதையை நடத்தினோமா, கேள்வி பதிலை எழுதிப் போட்டோமா என்றில்லாமல் வீரத்தைப் பற்றியெல்லாம் வகுப்பில் எதற்கு விவாதம்?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். “இந்தக் காலத்தில் இன்னும் வீரர் கதை எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் எங்கள் பதில் இது: வீரக் கதைகள் பாடத்தில் இருக்கட்டும். ஆனால், எதை வீரம் என்று கொண்டாடுகிறோம் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருப்பதையும், ஒரு வீரர் வந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை ஏன் ஏற்பட்டது என்பதையும் கதையோடு சேர்த்தே நடத்த வேண்டும். அப்படி நடத்தியதைத் தேர்விலும் கேட்க வேண்டும்.

இதற்காகப் புதுப் புத்தகம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலே போதும். அப்பாவுக்குப் பதிலாக ஆண் வேடத்தில் போருக்குப் போன சீனத்துப் பெண் முலானின் கதை அதில் இருக்கிறது. தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த கடற்படைப் பெண்களைப் பற்றிய பாடம் இருக்கிறது. கடல் கரையை உடைத்துவிடாமல் இரவு முழுக்க ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டிருந்த ஹாலந்துச் சிறுவன் பீட்டரின் கதை இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு மண்டேலா இருக்கிறார்.

பீட்டரின் கதையையே எடுத்துக்கொள்வோம். கண் தெரியாத நண்பருக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுத் திரும்பும் பையன், கரையில் நீர் கசியும் சத்தத்தைக் கேட்கிறான். கூப்பிட்டால் ஓடிவர ஆளில்லை. ஓட்டையில் விரலை விடுகிறான். விடிகாலையில் வேலைக்குப் போகிற ஒருவர் முனகல் கேட்டு வந்து பார்க்கும்வரை அப்படியே கிடக்கிறான். அம்மாவோ, பையன் நண்பர் வீட்டிலேயே தங்கிவிட்டான், காலையில் வரட்டும், திட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறாள். கதை சுலபமானது, பிள்ளைகளுக்குப் பிடித்தும் போகிறது. தேர்வுக்கு வந்தால் இந்தக் கதை இரண்டே வடிவங்களில் வருகிறது. வாக்கியங்களைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்வது ஒன்று. ஹின்ட்ஸ் கொடுத்துப் பத்தியாக விரிக்கச் சொல்வது இன்னொன்று. பீட்டர் விரலை எடுத்திருக்கலாமா, வேறு வழி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகள் கேட்கிறார்கள். “ஏன் மிஸ், அவங்க அப்பாவுக்குத்தானே மதகு பாக்குற வேலை? அவரு ராத்திரி ஒரு ரவுண்டு வந்திருக்க மாட்டாரா?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் கதையைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் அதைவிட நல்லது இல்லை. பீட்டரின் அப்பா மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் ஒருவர் என்று கதையே சொல்கிறது. தினமும் போய்க் கதவைத் திறந்து, மூடி, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிற மனிதர். ஊர் மூழ்காமல் இருந்த மற்ற எல்லா இரவுகளுக்கும் அவரும் அவரைப் போன்றவர்களும்தான் காரணம். அவருக்குக் கதையில் கிடைத்தது ஓரிரு வரி. ஓர் இரவு விரலை வைத்த பையனுக்குத் தலைப்பே கிடைத்தது.

இந்தக் கதையின் வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1865இல் மேரி மேப்ஸ் டாட்ஜ் என்ற அமெரிக்க எழுத்தாளர் தம் நாவலுக்குள் வைத்த கிளைக்கதை இது. அமெரிக்கச் சிறுவர்கள் கொண்டாடிய அளவுக்கு ஹாலந்துக்காரர்கள் இதை அறிந்திருக்கவில்லை. சிலை எங்கே என்று கேட்டு வந்த சுற்றுலாப் பயணிகளுக்காக 1950இல் ஸ்பார்ன்டாம் என்ற ஊரில் ஒரு சிலை எழுந்தது. மூன்றே ஆண்டில், 1953 பிப்ரவரி முதல் நாள், வடகடல் உண்மையிலேயே கரைகளை உடைத்தது. ஹாலந்தில் 1,800 பேருக்கும் மேல் இறந்தார்கள். அன்று நியூவெர்கெர்க் என்ற ஊரில் ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டி தம் சரக்குப் படகையே உடைப்புக்குக் குறுக்கே செருகி நிறுத்தினார். பீட்டர் கதையில் செய்ததை இவர் நிஜத்தில் செய்தார். ஆனால் ஹாலந்து அவரைப் பாராட்டுவதோடு நின்றுவிடவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செலவழித்து அணைகளையும் புயல் தடுப்புகளையும் கட்டியது. இன்னொரு எவெக்ரூனுக்கு வேலை வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கரைகளைப் பராமரிக்க அந்த நாட்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே நீர் வாரியங்கள் இருக்கின்றன.

நமக்கு இதெல்லாம் அந்நியக் கதை இல்லை. ஊரப்பாக்கத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் மதுராந்தகம். அங்கே ஏரிகாத்த ராமர் கோயில் கொண்டிருக்கிறார். 1790களில் இந்தப் பகுதிக்கு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அடைமழை இரவில் ஏரி உடைந்துவிடுமோ என்று பார்க்கப் போனபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காத்து நிற்பதைக் கண்டார் என்பது தலபுராணம். கரை நின்றதற்கு நன்றியாகத் தாயார் சன்னதி கட்டும் பணியை அவர் நடத்திக் கொடுத்தாராம். அதே வட்டாரத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கின்றன. யார் தகுதி உள்ளவர், யார் தகுதி இழந்தவர், கணக்குக் காட்டாதவரை என்ன செய்வது என்பதெல்லாம் அதில் உண்டு. கரையைச் சாமி காப்பாற்றியது என்ற கதையும், கரைக்குக் கமிட்டி போட்ட கல்வெட்டும் நம்முடையவைதான். பீட்டர் பாடம் நடத்தும் நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் பிள்ளைகள் தாமாகவே மிச்சத்தைப் பேசுவார்கள்.

2015 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள் சேற்றையும் குப்பையையும் வாரினார்கள். இன்றைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது சிறுபிள்ளைகள். வீட்டில் கேட்டால் கதை கிடைக்கும். அதை எழுதச் சொல்லுங்கள் என்கிறோம். ஆனால் படகு வந்ததோடு கட்டுரை முடியக்கூடாது. தெருவுக்குள் படகு வரும்படி ஆனது ஏன், அடையாறு வரும் வழியில் என்னென்ன முளைத்திருந்தன என்பதும் கட்டுரைக்குள் வர வேண்டும்.

வீரம் மாறி வந்திருக்கிறது என்று சொன்னால், மேல்நாட்டுச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் நடுகற்களைப் பார்க்கலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்டது. பழந்தமிழில் மாட்டை ஓட்டிப் போனவனும் வீரன், மீட்கப் போனவனும் வீரன். வெட்சி, கரந்தை என்று இரண்டுக்கும் திணை வகுத்தார்கள். இன்றைக்கு அந்த இருவரில் ஒருவர் மேல் எஃப்.ஐ.ஆர். விழும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதைக் கல்வெட்டு மறக்காமல் பதிந்திருக்கிறது. காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருக்க வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் இலக்கணம். ஆனால் இளங்கோ ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணை நடுவில் நிறுத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூர்க்காரரான சேக்கிழார், அரசர்களோடு குயவர், வண்ணார், வேடர், மீனவர் ஆகியோரையும் சேர்த்துப் பெருங்காப்பியம் பாடினார். குன்றத்தூர் இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

தாரிணி பாடத்தில் நடத்த வேண்டியது வேறு. வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, 254 நாள் கழித்து 2018 மே 21 அன்று திரும்பினார்கள். அதே படகில் 2024 அக்டோபரில் கடற்படை அதிகாரிகளான தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் இருவராகவே கிளம்பி 2025 மே மாதம் கோவா திரும்பியதைப் பாடநூலுக்கு வெளியே ஆசிரியர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். முலான் பெண் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அவள் கதையே நடந்திருக்காது. தாரிணியில் யாரும் எதையும் மறைக்கவில்லை. அங்கே ஒருவரைப் பிரித்தெடுத்து ‘இவர்தான் வீராங்கனை’ என்று காட்டவும் முடியாது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் சுக்கான் பிடித்ததால் வந்த வெற்றி அது.

இனி, நாங்கள் கவனமாக இருக்க விரும்பும் இரண்டு இடங்கள்.

‘உன் ஹீரோவைப் பற்றி எழுது’ என்றால் பிள்ளைகள் முதலில் நடிகர்களை எழுதுகிறார்கள். அதில் எங்களுக்குக் கவலை இல்லை. ஏன் பிடிக்கும் என்று காரணத்தோடு எழுதினால் அதுவும் நல்ல கட்டுரைதான். சாதிக்கொரு வீரர் என்று சுவரொட்டி அடித்துப் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் வகுப்புக்குள் நுழைவதுதான் கவலை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் ‘எங்க ஆள்’ என்ற நினைப்பை அவிழ்க்க, வரலாற்று வீரர்களை விவாதிக்கும் வகுப்பு வேண்டும். விவாதிப்பது அவமதிப்பு ஆகாது. தியாகிகளைக் குறைத்துப் பேசும்படி எந்த ஆசிரியரையும் நாங்கள் கேட்கவும் இல்லை.

இன்னொன்று, உழைப்பவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி ‘உண்மையான ஹீரோ’ என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம். 2020 மார்ச்சில், கொரோனாக் காலத்தில் வேலை செய்தவர்களுக்காக நாடே கைதட்டியது. 2025 ஆகஸ்டில் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களின் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் பல நாள் உட்கார்ந்தார்கள். கோரிக்கை சரியா தவறா என்பது அவரவர் கருத்து. ஆனால் ஹீரோ என்று பட்டம் கொடுத்துவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்ற வசதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நாங்கள் தயாராக இல்லை. பள்ளிக்கு அவர்களை அழைத்தால் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்: கையுறை தருகிறார்களா, எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறீர்கள், பி.எஃப். பிடிக்கிறார்களா. அந்தப் பதில்களை ஆங்கிலத்தில் எழுதினால் அதைவிட நல்ல பேட்டிப் பயிற்சி வேறில்லை.

ஆங்கில வகுப்பில் தமிழில் பேசலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. முடிவு இது: விவாதம் எந்த மொழியில் ஓடினாலும் ஓடட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். சொல்ல ஒரு கருத்து இருந்தால்தான் பிள்ளை அதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடும். கைடில் இருக்கும் பத்தியை மனப்பாடம் செய்பவருக்குத் தேட எதுவும் இல்லை.

பொதுத் தேர்வு வருஷத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. மழைக்கு கலெக்டர் விடும் லீவு நாட்கள் வேறு இருக்கின்றன. அதனால்தான் தனிப் பீரியட் எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே நடத்தும் மூன்று பாடங்களுக்குள் இதை நடத்தலாம் என்கிறோம். வினாத்தாளின் வடிவத்தை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. துணைப்பாடத்திலிருந்து ஒரு கேள்வியாவது மாணவரின் சொந்தக் கருத்தைக் கேட்பதாக இருக்க வேண்டும் என்று மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும் எழுதுகிறோம். அதுவரை, எங்கள் வட்டாரப் பள்ளிகள் தாங்களே வைக்கும் யூனிட் டெஸ்டுகளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு கேள்வி வைக்கலாம். ‘பீட்டரின் இரவுக்கு யார் பொறுப்பு?’ என்பது போல. பையனே, அப்பாவே, ஊர்க்காரர்களே, யாருமே இல்லை என்று எந்தப் பதில் வந்தாலும், கதையிலிருந்து ஆதாரம் காட்டியிருந்தால் முழு மதிப்பெண். ஆசிரியருக்கு ஆசிரியர் மார்க் வேறுபடும் என்ற பயம் எங்களில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. முதல் இரண்டு டெஸ்டுகளுக்கு ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்தி, வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்பது, அதை வைத்துக் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.