ஸ்ரீபுரந்தான் நடராஜரும் ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டரும்

பி.காம் படிக்கிற ஆளுக்கு வரலாற்றுப் பாடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் கணக்குப் பார்க்கத் தெரியும், அது போதும் என்பதுதான் என் பதில். ஏன் என்று போகப் போகப் புரியும் :)

பெரம்பலூர், அரியலூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு சிமெண்ட் ஆலையும், மக்காச்சோளமும், மண்டையைப் பிளக்கும் வெயிலும்தான் ஞாபகம் வரும். பாதகமில்லை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கும் அதற்கு மேல் தெரியாது என்பதுதான் வருத்தம். ராஜேந்திர சோழன் தலைநகரமாக வைத்திருந்த கங்கைகொண்ட சோழபுரம் நம்முடையது. பொன்னியின் செல்வன் படம் வந்தபோது எல்லோரும் தேடிய பழுவூர் நம்முடையது. பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் இன்றும் கீழையூரில் நிற்கிறது. 1751-ல் ஆங்கிலேயர் துணையோடு முகமது அலியும், பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப்பும் மோதிக்கொண்டது நம் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி பக்கத்தில்தான். திருச்சி - சென்னை பஸ்ஸில் போகும்போது அந்தக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள், இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க இணையத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. 2001-ல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், 2017 முதல் ஒரு பெரிய மின்னூலகத்தையும் நடத்துகிறது. 1890-ல் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் முதல் தொகுதியைக் கொண்டுவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு கூட உண்டு.

அப்புறம் என்ன குறை? கிடைப்பதெல்லாம் நூலகமாக இருக்கிறது, பாடமாக இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் நாளைக்குக் காலையில் நாற்பது நிமிடம் கங்கைகொண்ட சோழபுரம் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நானூறு பக்க பிடிஎஃப் எதற்கு? அதுவும் பாதி ஆங்கிலத்தில், பழைய அச்சில். அவருக்கு வேண்டியது ஒரு படம், ஒரு வரைபடம், கல்வெட்டிலிருந்து நான்கு வரி, அதற்கு இன்றைய தமிழில் பொருள், மாணவர்களிடம் கேட்க மூன்று கேள்வி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மையக் கேள்வி, கூடவே அந்தக் காலத்து ஆவணங்கள், அவற்றைப் படித்து மாணவரே விடை தேட வேண்டும். அத்தனையும் இலவசம். நம் ஊருக்கு அப்படி ஒன்றை யாரும் தரமாட்டார்கள், நாம்தான் செய்ய வேண்டும்.

"செய்து என்ன ஆகப்போகிறது? மார்க்குக்கு உதவுமா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் ஸ்ரீபுரந்தான் கதை.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில். 2006 வாக்கில் அங்கிருந்து செப்புத் திருமேனிகள் திருடப்பட்டன. விஷயம் வெளியே வந்ததே 2008-ல்தான். அதற்குள் நடராஜர் கடல் கடந்துவிட்டார். ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் அதே 2008-ல் அவரை சுமார் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. அங்கிருந்த உமை சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்கும், பிள்ளையார் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். நடராஜர் 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார் என்று காட்டும் காகிதங்களையும் அவர் கொடுத்திருந்தார்.

அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கியது எது தெரியுமா? ஒரு புகைப்படம்! புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-லிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படம்பிடித்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. 1994-ல் எடுத்த படத்தில் நம் நடராஜர் ஸ்ரீபுரந்தான் கோயிலிலேயே நிற்கிறார்! 1994-ல் கோயிலில் இருந்தவர் அதற்கு இருபது வருடம் முன்பே எப்படிக் கப்பலேறியிருக்க முடியும்? இந்தப் படத்தையும் அருங்காட்சியகத்தின் படத்தையும் அருகருகே வைத்து இணையத்தில் போட்டு உடைத்தார்கள். அதில் முன்னால் நின்ற விஜயகுமார் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். உமையும் பிள்ளையாரும் கூடப் பிறகு திரும்பினார்கள். பக்கத்திலுள்ள சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

இன்னொன்றும் உண்டு. அரியலூர் பக்கம் பொட்டவெளி வெள்ளூர் பெருமாள் கோயிலில் 2012-ல் திருடுபோன அனுமன், 2023-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். அவரையும் அடையாளம் காட்டியது அதே நிறுவனம் 1961-ல் எடுத்து வைத்த படம்தான்.

இப்போது என் பி.காம் மூளை வேலை செய்கிறது. இது என்ன? ஸ்டாக் ரெஜிஸ்டர்! என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் இருந்தது என்ற பதிவு. ரெஜிஸ்டர் இல்லாத கடையில் பொருள் காணாமல் போனால், அது கடையில் இருந்ததையே முதலாளியால் நிரூபிக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த வேலையை ஆயிரம் வருடம் முன்பே நம்மவர்கள் செய்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், கொடுக்கப்பட்ட திருமேனிகளின் உயரம் முழம், விரல் கணக்கில் வெட்டப்பட்டிருக்கிறது. எத்தனை கை என்பது வரை உண்டு. பொன்னை 'ஆடவல்லான்' என்ற பெயருள்ள எடைக்கல்லால் நிறுத்தார்கள். ஆடவல்லான் என்றால் நடராஜர்தான்! விளக்கு தானத்தைப் பாருங்கள். ஒரு விளக்குக்குத் தினம் ஓர் உழக்கு நெய். அதற்காக 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? மந்தையில் குட்டிகள் வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும், அதுதான் பொருள். முதலில் கை வைக்காமல் வருமானத்தில் மட்டும் செலவு செய் என்று அக்கவுண்டன்சி வகுப்பில் நமக்கு இரண்டு வாரம் எடுத்த பாடம், ஆட்டுக்குட்டி வடிவில் கல்லில் இருக்கிறது. இதை ஒரு பக்கப் பாடமாகக் கொடுத்தால் எந்த மாணவன் தூங்குவான்?

அதனால் நான் சொல்வது பெரிய திட்டம் எதுவும் இல்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் தன் ஊரின் பழைய பொருள்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கட்டும். கோயில், மசூதி, கோட்டைச் சுவர், ஏரி மதகு, நடுகல், எதுவாக இருந்தாலும் சரி. அனுமதி வாங்கி, போன் கேமராவில் நான்கு பக்கமும் படம், டேப் வைத்து அளவு, தேதி. பெரியவர்கள் சொல்லும் கதையைத் தனியாக, 'கதை' என்று தலைப்புப் போட்டே எழுதட்டும். அந்தப் பதிவேட்டிலிருந்தே மேலே சொன்ன மாதிரி ஒரு பக்கப் பாடங்களை ஆசிரியர்கள் தயாரிக்கலாம். நெட் பேக் தீர்ந்துபோகாத சின்னக் கோப்பாக இருந்தால் போதும்.

படத்தை வெளியே விட்டால் திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். பூட்டு, சாவி, பாதுகாப்பு விவரம் எதையும் போட வேண்டாம். பதிவேட்டின் ஒரு பிரதி மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கட்டும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். திருடனுக்கு ஸ்ரீபுரந்தான் வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. படத்தால் லாபம் அடைந்தது பொருளுக்குச் சொந்தக்காரர்தான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிழல் நன்றாகவே விழுகிறது, சாயங்காலம் போய் நின்றால் தெரியும். தானே அளந்து பதிந்த மாணவன் இப்படி ஒன்றைப் பார்த்தால் ஃபார்வர்டு செய்வதற்கு முன் "இதற்கு எந்தக் கல்வெட்டு? யார் அளந்தார்கள்?" என்று கேட்பான். வரலாற்று வகுப்பு அதைக் கற்றுக்கொடுத்தால் போதும், வருடங்களை மனப்பாடம் செய்வது அப்புறம்.

1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்தச் சுவர்களில் என்னென்ன எழுதியிருந்தது என்று எல்லாவற்றையும் படித்து வைக்க அன்று ஆள் இல்லை. இன்று நம் ஒவ்வொருவர் பையிலும் கேமரா இருக்கிறது. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமாவது இதைப் பற்றிப் பேசுங்கள். முதல் பக்கம் எழுத ஒரு பழைய கணக்கு நோட்டு இருந்தாலே போதும்.