முதல் ஆடு யார்?

திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் செய்யும் நண்பர் போனில் பொரிந்து தள்ளினார். “செயற்கை இதயத்தை ஆட்டுக்கும் கன்னுக்குட்டிக்கும் வெச்சுப் பாக்கறாங்களாமே, பாவமில்லீங்களா?”

பாவம்தான். ஆனால் சாயம் போகுதா, சுருங்குதா என்று லேபில் தேறாமல் உங்க டி-ஷர்ட்டே கப்பல் ஏறுவதில்லையே! முழு இதயம் இருக்கட்டும், வால்வு கதையைக் கேளுங்க. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் டாக்டர் வலியத்தான் குழு செய்த வால்வில் மூன்று மாடல்கள் தோற்றன. நாலாவதைச் செம்மறி ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்த பிறகே, 1990 டிசம்பரில் மனிதருக்கு வைத்தார்கள். இதுவரை லட்சம் பேருக்கு மேல் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். (அதை இதயத்தோடு தைக்கும் வளையம் பாலியஸ்டர் துணி. உங்களுக்குத் தெரிந்த சரக்குதான்!)

ஆடு வேண்டாமென்றால் முதல் ஆடு நோயாளிதான். அதுவும் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கிற ஏழை. ஆட்டுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்டார்களா என்று கேளுங்கள், நானும் கூட வருகிறேன். கூடவே கூடாது என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணியை என்ன செய்வதாக உத்தேசம்?