பூட்டை உடைக்க வேண்டாம்

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், பாஸ் லினக்ஸ் கொல்லிமலைப் பள்ளிகள் வரை ஏறியது. லினக்ஸ் கணினியில் ஆர்டுயினோ பலகையை இணைக்கும்போது, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரை சொல்லலாம். பழுதோ என அஞ்சி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கடை தேட வேண்டாம், நண்பர்களே! சீரியல் போர்ட் ‘ரூட்’ என்ற நிர்வாகிக்கும் ‘டயல்அவுட்’ குழுவினருக்கும் மட்டுமே திறக்கும்.

‘சிஎச்மாட் 666’ போட்டு எல்லோருக்கும் திறந்துவிடச் சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. காவலும் போகும்; பலகையைக் கழற்றி மாட்டினால் சிக்கலும் திரும்பும். நிர்வாகி உரிமையோடு ‘அட்யூசர்’ கட்டளை, உங்கள் பயனர் பெயர், ‘டயல்அவுட்’ என வரிசையாகத் தட்டுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். மறுப்பு வந்தால் முதலில் காரணத்தைக் கேட்பதுதானே அறிவியல் பழக்கம்!